வரிக்காகக் கடன் வாங்கலாமா? ஒரு மாவுத் தொழிற்சாலைக் கணக்கு

"அக்கா, லோன் எடுத்தா வட்டியில பதினேழு சதவீதத்தை அரசாங்கமே கட்டிடுதாமே?"

சிங்கப்பூரின் செனோக்கோ தொழிற்பேட்டையில் தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் தம்பி ஒருவர், போன ஆண்டு ஒரு சனிக்கிழமை என் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்ட கேள்வி இது. கையில் இயந்திரம் விற்கிறவர் கொடுத்த விலைப்பட்டியல். ஊறவைக்க, அரைக்க, கலக்க, பொட்டலம் போட என்று எல்லாம் ஒரே வரிசையில் ஓடும் இயந்திரம். விலை 240,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரி தனி. தாளின் அடியில் 'வரி மிச்சம் 17%' என்று பேனாவால் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்கள்.

தேக்கா பக்கம் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி, வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. இருபது வருஷம் தாண்டிவிட்டது. மளிகை, அச்சகம், குத்தகை வேலை, மென்பொருள் என்று எல்லாத் தொழிலும் இந்த மேசைக்கு வந்திருக்கின்றன. எல்லாருக்கும் இதே 17 தான் கண்ணில் படுகிறது. அதனால் அந்தத் தம்பிக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே எழுதுகிறேன். எண்களைக் கொஞ்சம் உருட்டி மாற்றியிருக்கிறேன், அவர் யாரென்று தெரியக்கூடாதே. கணக்குப் போகும் வழி மட்டும் அப்படியேதான்.

முதலில் 17ஐ உடைத்துப் பாருங்கள்

நிறுவன வருமான வரி 17 சதவீதம் என்பது உண்மை. 2010 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (மதிப்பீட்டு ஆண்டு என்றால் முந்தைய ஆண்டு வருமானத்துக்கு வரி போடும் ஆண்டு) அதுதான் விகிதம். வட்டியை வருமானத்தில் கழிக்கலாம் என்பதும் உண்மை. பங்குதாரருக்குக் கொடுக்கும் ஈவுத்தொகையைக் கழிக்க முடியாது. கடன் போட்டவருக்குக் கொடுப்பது செலவு, பங்கு போட்டவருக்குக் கொடுப்பது செலவல்ல. கடன் வாங்கினால் வரி குறையும் என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஆனால் சின்ன நிறுவனம் எதுவும் முழு 17 கட்டுவதில்லை. வரிக்குரிய வருமானத்தில் முதல் 10,000 வெள்ளிக்கு 75 சதவீதமும், அடுத்த 190,000 வெள்ளிக்கு 50 சதவீதமும் விலக்கு உண்டு. 2020 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இந்த அளவு. அப்படியென்றால் 10,000க்கு மேல் 200,000 வரை நீங்கள் சம்பாதிக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் வரி எட்டரைக் காசுதான். அந்த வெள்ளியை வட்டியாகக் கட்டினால் மிச்சமாவதும் அதே எட்டரைக் காசு. 200,000 தாண்டிய பகுதிக்கு மட்டுமே 17 காசு.

புதிதாகத் தொடங்கிய நிறுவனமாக இருந்து தொடக்க விலக்குக்குத் தகுதியும் இருந்தால், முதல் மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு இன்னும் குறைவு. முதல் 100,000 வெள்ளிக்கு 75 சதவீத விலக்கு, அடுத்த 100,000க்கு 50. அந்த முதல் லட்சத்தில் வட்டியால் மிச்சமாவது வெள்ளிக்கு நாலே கால் காசு. வரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்பெனி ஆரம்பித்த வருஷமே பெரிய கடன் எடுக்கிறவர்களை என்ன சொல்வது?

மாவுத் தம்பியின் லாபம் ஆண்டுக்கு 180,000 வெள்ளி. அவர் இருந்தது எட்டரைக் காசுத் தட்டில். வங்கி கேட்டது ஆண்டுக்கு 6 சதவீதம், குறைந்துவரும் நிலுவைக்கு, ஐந்து வருஷம். வரி மிச்சத்தைக் கழித்தால் அந்த 6, அவருக்கு 5.49 ஆகிறது. முழு 17 கட்டுகிற நிறுவனத்துக்கு 4.98. விற்பனையாளர் போட்டுக் காட்டியது இரண்டாவது கணக்கு.

"அரை சதவீதம்தானா அக்கா?" என்றார். அரைதான்.

உங்கள் பொருளை எப்படிச் செய்கிறீர்கள்?

கடன் கணக்கில் வரியைவிட முக்கியமானது இது. வங்கிப் படிவம் எதுவும் இதைக் கேட்பதில்லை.

அவர் அப்போது மாவு அரைத்த விதம் இப்படி. பெரிய கிரைண்டர்கள் ஆறு. நிரந்தரமாகக் கொஞ்சம் பேர், மீதி பகுதிநேர ஆட்கள். தீபாவளி, பொங்கல் நேரத்தில் ஓவர்டைம். விற்பது மாதம் 40,000 கிலோ, கிலோ 2.50 வெள்ளி. அரிசி, உளுந்து, பொட்டலம், வண்டி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 1.30. அரைக்கும் ஆட்களின் கூலி கிலோவுக்கு 45 காசு. மீதி நிற்பது 75 காசு. வாடகை, அலுவலகம், நிரந்தரச் சம்பளம் என்று மாதா மாதம் அசையாமல் நிற்கும் செலவு 15,000. ஆக மாதம் 30,000இல் 15,000 போக, கையில் 15,000.

ஆள் கூலி முழுக்க கிலோவோடு ஏறி இறங்கும் என்று நான் நம்புகிறவள் இல்லை. ஒர்க் பெர்மிட்டில் வந்தவருக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை) கட்ட வேண்டும், தங்குமிடம் கொடுக்க வேண்டும். ஆனால் இவரிடம் அரைக்கும் வேலையில் பெரும்பாலும் உள்ளூர்ப் பகுதிநேர அக்காமார்கள்தான். வேலை குறைந்தால் மணிநேரம் குறையும். அதனால் 45 காசை மாறும் செலவு என்றே எடுத்தேன். உங்கள் தொழிலில் இதை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டும், இதில் மட்டும் சோம்பல் கூடாது.

புது இயந்திரம் வந்தால்? கூலி கிலோவுக்கு 15 காசாகக் குறையும். கிலோவுக்கு நிற்பது 1.05 வெள்ளி. பராமரிப்பு ஒப்பந்தம், மின்சாரம், இயந்திரம் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் என்று அசையாத செலவு 21,000 ஆகும். 40,000 கிலோவுக்கு 42,000 வரும், 21,000 போனால் 21,000 மிச்சம். முன்பு 15,000, இப்போது 21,000. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

இன்னும் தவணை சேரவில்லை. 240,000 வெள்ளியையும் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 4,640. 21,000 என்பது 16,360 ஆகிறது. ஆக, கடன் ஓடும் ஐந்து வருஷமும், இப்போதைய விற்பனையில் மாதம் கூடுதலாகக் கிடைப்பது 1,360 வெள்ளி.

சரி, விற்பனை குறைந்தால்? ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்தேன். பழைய முறையில் மாதம் 20,000 கிலோ விற்றால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. புது முறையிலும் தவணையைச் சேர்க்காவிட்டால் அதே 20,000 கிலோதான், கணக்குப் போட்டுப் பாருங்கள். தவணையைச் சேர்த்தால் அது 24,400 கிலோவுக்கு ஏறுகிறது. அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு: விற்பனை 35,500 கிலோவுக்குக் கீழே இறங்கினால், இயந்திரமும் கடனும் சேர்ந்த கணக்கைவிடப் பழைய கிரைண்டர் கணக்கே மேல். அவர் இன்று நிற்பது 40,000இல். இரண்டு சூப்பர்மார்க்கெட் கிளைகள் வேறு மாவுக்கு மாறினாலே அந்த இடைவெளி காலி.

இயந்திரம் அசையாத செலவைக் கூட்டுகிறது. கடன் தவணையும் அசையாத செலவு. ஒன்றின் மேல் இன்னொன்றை அடுக்குகிறோம். அதனால் ஆளை வைத்துச் செய்கிற தொழில், இயந்திரம் வைத்துச் செய்கிற தொழில் இரண்டும் ஒரே லாபம் காட்டினாலும், இரண்டுக்கும் ஒரே அளவு கடன் தாங்காது. இதே தாளில் பாதிக் கடன் போட்டுப் பார்த்தோம். 120,000 வெள்ளிக் கடன், தவணை 2,320. பழைய முறை மேலாகும் எல்லை 35,500 கிலோவிலிருந்து 27,700 கிலோவுக்கு இறங்கியது. அந்த எண்ணைப் பார்த்ததும்தான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

என்னுடைய பழைய தப்பு

இதை நான் எங்கே கற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒருவருக்கு, "வட்டிக்கு வரி கழியும் அண்ணே, தைரியமா எடுங்க" என்று சொன்னவள் நான்தான். அதுவரை பெரிய ஆர்டர் வந்தால் வெளியே கொடுத்து அடித்து வாங்குவார். ஆர்டர் இல்லையென்றால் செலவும் இல்லை. சொந்தமாக ஆஃப்செட் இயந்திரத்தைத் தவணையில் எடுத்தபின் ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஐயாயிரத்துச் சொச்சம். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி சர்க்கிட் பிரேக்கர் எனும் கொரோனா முடக்கம் தொடங்கியது. கல்யாணமே நடக்காத மாதங்களில் பத்திரிகை யார் அடிப்பார்கள்? நட்டத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு வட்டியால் வரி மிச்சம் எவ்வளவு? அந்த வருஷம் ஒன்றுமில்லை. வரியே இல்லாதபோது எதிலிருந்து கழிப்பது? நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம், கால வரம்பு கிடையாது, அது உண்மைதான். ஆனால் தவணை இந்த மாதம் கேட்கிறது.

இயந்திரத்தை விற்றார். விற்றபோது இன்னொரு கணக்கும் வந்து நின்றது. ஏற்கெனவே வரியில் கழிவு எடுத்து முடித்த இயந்திரம் என்பதால், விற்ற காசு வருமானமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. நட்டம் இருந்ததால் தப்பித்தார். அவர் இன்றும் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்துவிடுகிறார், அதுதான் எனக்குச் சங்கடம்.

இயந்திரக் கழிவும் வட்டியும் ஒரே தட்டில் சாப்பிடுகின்றன

கேப்பிட்டல் அலவன்ஸ் என்று சொல்வதை நான் இயந்திரக் கழிவு என்றே எழுதுகிறேன். இயந்திரத்தின் விலையை மொத்தமாகச் செலவில் எழுத முடியாது. அதற்குப் பதிலாக வரிக் கணக்கில் பெரும்பாலான இயந்திரங்களுக்கு மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காகக் கழிக்கலாம். கணினி, ரோபோ, பட்டியலில் உள்ள சில தானியங்கிக் கருவிகளுக்கு ஒரே ஆண்டில் முழுவதும் கழிக்க வழி உண்டு. தலைக்கு 5,000 வெள்ளிக்கு மேற்படாத சின்னச் சாமான்களையும் ஒரே ஆண்டில் எழுதலாம், ஆண்டுக்கு மொத்தம் 30,000 வரை.

இங்கேதான் உற்பத்தி முறையும் கடனும் வரியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. வட்டி வரியைக் குறைப்பது லாபம் இருந்தால்தான். இயந்திரக் கழிவே லாபத்தைத் தின்று முடித்துவிட்டால் வட்டிக்குத் தட்டில் ஒன்றும் மிஞ்சாது.

பகுதிநேரமாகப் படித்தபோது இதைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். மோடிக்லியானி, மில்லர் என்ற இருவர் 1958இல், வரி என்று ஒன்று இல்லாவிட்டால் கடனா பங்கா என்பதால் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்று காட்டினார்கள். 1963இல் வரியைச் சேர்த்துப் பார்த்து, கடனுக்கு ஒரு சாதகம் உண்டு என்றார்கள். 1980இல் டீஏஞ்சலோ, மசூலிஸ் என்ற வேறு இருவர், தேய்மானம் போன்ற கழிவுகள் அதிகம் உள்ள நிறுவனத்துக்கு அந்தச் சாதகம் சுருங்கிவிடும் என்றார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். புரிந்தது மாவு இயந்திரத்தில்.

தம்பியின் இயந்திரத்தோடு லாபம், கழிவுக்கும் வட்டிக்கும் முன், ஆண்டுக்கு 252,000. விற்பனையாளர் இந்த இயந்திரம் ஒரே ஆண்டுக் கழிவுப் பட்டியலில் வரும் என்றார். வரும் என்றே வைத்துக்கொள்வோம். வட்டியைச் சற்று நேரம் மறந்துவிடுங்கள். ஒரே ஆண்டில் 240,000 கழித்தால் முதல் ஆண்டு வரிக்குரிய வருமானம் 12,000, வரி வெறும் 595 வெள்ளி. ஆகா என்று தோன்றும். அடுத்த இரண்டு ஆண்டுகளும் கழிவு இல்லாமல் 252,000க்கு வரி, ஆண்டுக்கு 25,415. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 51,425.

மூன்று ஆண்டாகப் பிரித்தால் ஒவ்வோர் ஆண்டும் கழிவு 80,000, வரிக்குரியது 172,000, வரி 14,195. மூன்று ஆண்டுக்கு 42,585.

பொறுமையாக எடுத்தால் 8,840 வெள்ளி குறைவு! காரணம், முன்பு சொன்ன விலக்குத் தட்டுகள். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் கழித்தபோது எட்டரைக் காசுத் தட்டில் இருந்த வருமானத்தைத்தான் பெரும்பாலும் அழித்தோம். அடுத்த ஆண்டுகளில் 17 காசுத் தட்டுக்கு மேலே நிமிர்ந்து நின்ற 52,000க்குக் கழிவே இல்லாமல் போயிற்று.

இப்போது வட்டியை உள்ளே கொண்டுவாருங்கள். முழுக் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி சுமார் 13,250. மூன்றாண்டுக் கழிவோடு பார்த்தால் வட்டியால் மிச்சமாகும் வரி 1,126 வெள்ளி, அதாவது மாதம் தொண்ணூற்றுச் சொச்சம். ஒரே ஆண்டுக் கழிவோடு பார்த்தால் முதல் ஆண்டு மிச்சமாவது 595 மட்டுமே, மீதிக் கழிவு அடுத்த ஆண்டுக்குப் போகும். இதுதான் அந்தத் தாளில் இரண்டு கோடு போட்ட 'வரி மிச்சம் 17%'. அதன்படி பார்த்தால் 2,252 வந்திருக்க வேண்டும்.

மானியம் கிடைக்கிறது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு மானியத்தால் வாங்கிய பகுதிக்கு இயந்திரக் கழிவு இப்போது கிடையாது, உங்கள் கையிலிருந்து போன தொகைக்கு மட்டும்தான்.

எந்த உருவத்தில் கடன்?

மூன்று வழி உண்டு. வங்கிக் கடன் எடுத்து இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கலாம், ஹையர் பர்ச்சேஸில், அதாவது தவணை கட்டி முடித்தபின் சொந்தமாகும் முறையில் எடுக்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். வரிக் கணக்கில் மூன்றும் மூன்று விதம்.

வங்கிக் கடனில் வாங்கினால் முதல் ஆண்டிலிருந்தே முழு விலைக்கும் கழிவு ஓடும், 80,000. ஹையர் பர்ச்சேஸில் அப்படியில்லை. நீங்கள் அந்த ஆண்டு கட்டிய முன்பணமும் அசலும் எவ்வளவோ, அதற்குத்தான் கழிவு. 48,000 முன்பணம் கட்டி 192,000ஐ ஐந்து வருஷத் தவணையில் எடுத்தால், முதல் ஆண்டு அசலாகப் போவது மொத்தம் 82,000 சுற்றி. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 27,400தான் முதல் ஆண்டுக் கழிவு. லாபம் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் இது ஒருவகையில் நல்லதே, விலக்குத் தட்டு வீணாகாது. லாபம் 200,000 தாண்டி ஓடுகிறவருக்கு இது தாமதம்.

ஹையர் பர்ச்சேஸில் சொல்லும் வட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். '3 சதவீதம் ஃப்ளாட்' என்றால் ஐந்து வருஷமும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி. 192,000க்கு 28,800 வட்டி, தவணை 3,680. குறைந்துவரும் நிலுவைக்கு மாற்றிப் பார்த்தால் அது 5.6 சதவீதத்துக்கு மேல். வங்கியின் 6உடன் ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான். 6 எங்கே, 3 எங்கே என்று வந்த தம்பிக்கு வித்தியாசம் கால் சதவீதத்துக்குச் சற்று மேல்தான் என்று காட்டினேன்.

வாடகைக்கு எடுத்தால் இயந்திரக் கழிவு உங்களுக்கு இல்லை, வாடகை முழுவதும் செலவு. புது நிறுவனம், நட்டத்தில் இருக்கும் நிறுவனம், நாலே கால் காசுத் தட்டில் இருப்பவர், இவர்களுக்கு வாடகைதான் பல சமயம் பொருந்தும். கழிவை, முழு 17 கட்டும், இயந்திரத்தை வாடகைக்கு விடும் நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. அதில் கொஞ்சம் வாடகையில் குறைகிறதா என்று பேரம் பேசுங்கள்.

ஜிஎஸ்டியை மறந்துவிடுகிறார்கள். 240,000க்கு 9 சதவீதம் 21,600. ஜிஎஸ்டி பதிவு செய்தவர் அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் முதலில் கட்ட வேண்டும், அதுவரை அந்தக் காசு எங்கிருந்து வரும் என்று யோசித்து வையுங்கள்.

வட்டி கழியாத இடங்கள்

கடன் வாங்கிய காசு வருமானம் ஈட்டப் பயன்பட்டால்தான் வட்டி கழியும். நான் அடிக்கடி பிடிக்கும் தப்பு இது. கம்பெனி பேரில் கடன், அதில் பாதியை முதலாளி தன் கூடப்பிறந்த தம்பியின் கடைக்கு வட்டியில்லாமல் கொடுத்திருப்பார். அந்தப் பாதிக்கான வட்டியைக் கழிக்க விடமாட்டார்கள். எது எதற்குப் போனது என்று பிரித்துக் காட்ட முடியாவிட்டால், மொத்தச் சொத்தில் வருமானம் தராத சொத்து எவ்வளவோ அந்த விகிதத்தில் வட்டியை வரித்துறையான ஐராஸ் தள்ளிவிடும். இயந்திரத்துக்கு எடுத்த கடனைத் தனிக் கணக்கில் வாங்கி அங்கிருந்தே விற்பனையாளருக்குக் கட்டுங்கள். என் வேலையும் குறையும்.

"ஊர்ல மாமா கொடுக்கிறேங்கிறார், வட்டி குறைச்சல்" என்பவர்களுக்கு: மாமா சிங்கப்பூரில் வசிக்காதவர் என்றால், அவருக்குக் கொடுக்கும் வட்டியில் பொதுவாக 15 சதவீதம் பிடித்து, கொடுத்த தேதிக்கு அடுத்து வரும் இரண்டாம் மாதம் 15ஆம் தேதிக்குள் ஐராஸில் கட்ட வேண்டும். பிடிக்க மறந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும், மாமாவிடம் இல்லை.

கடன் வேண்டாம், பங்காளி சேர்க்கிறேன் என்றாலும் ஒரு கண் வையுங்கள். பழைய நட்டமும் பயன்படாத இயந்திரக் கழிவும் கணக்கில் இருந்தால், பங்குதாரர்கள் பாதிக்கு மேல் மாறும்போது அவற்றை இழக்க நேரிடும். நட்டக் கணக்கைப் பார்க்காமல் 51 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவர்கள் உண்டு.

தொழில் வளர்ச்சிக்கான அரசு அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் கடன் திட்டத்தில் அரசாங்கம் பாதிப் பொறுப்பு ஏற்கிறது என்று கேட்டிருப்பீர்கள். அது வங்கிக்குச் சொன்ன வார்த்தை. கடனைக் கட்ட வேண்டியது நூற்றுக்கு நூறு நீங்கள். வங்கி உங்கள் சொந்த ஜாமீன் கையெழுத்தையும் பெரும்பாலும் கேட்கும், அதைக் கேட்டால் வீட்டில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

அவர் கடைசியில் செய்தது

இரண்டு வாரம் கழித்து மனைவியோடு வந்தார். கணக்குத் தாளை அந்தப் பெண்தான் வாங்கிப் படித்தார். "35,500 எப்படி வந்துச்சு அக்கா?" என்று கேட்டவரும் அவர்தான். தவணையோடு சேர்ந்த அசையாத செலவு 25,640, பழையது 15,000, வித்தியாசம் 10,640. இயந்திரத்தால் கிலோவுக்கு மிச்சம் 30 காசு. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அவரே கைப்பேசியில் வகுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு கணவரைப் பார்த்து, "போன ஜூன்ல நாம எவ்வளவு அரைச்சோம்?" என்றார். பதில் 33,000. பள்ளி விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுகிறார்களாம்.

முழு வரிசையையும் வாங்கவில்லை. ஊறவைத்து அரைக்கும் பகுதியை மட்டும் எடுத்தார்கள். பொட்டலம் போடுவது இன்னும் கையால்தான். நிறுவனத்தில் வைப்புத்தொகையாகக் கிடந்த பணத்தில் பாதியைப் போட்டு, மீதிக்கு வங்கிக் கடன் எடுத்தார்கள். வைப்புத்தொகைக்கு வங்கி கொடுத்தது கடன் வட்டியில் பாதிகூட இல்லை, அதற்கும் வரி உண்டு. இயந்திரக் கழிவை மூன்று ஆண்டாகவே எடுத்தோம். விற்பனையாளர் டிசம்பர் கணக்கு முடியும் முன் வாங்கச் சொல்லி அவசரப்படுத்தினார். பிப்ரவரியில்தான் வாங்கினார்கள், பொங்கல் கூட்டம் ஓய்ந்தபிறகு இயந்திரத்தைப் பொருத்த நேரம் கிடைத்தது.

இப்போது பொட்டல இயந்திரத்துக்கும் விலைப்பட்டியல் வந்திருக்கிறது, அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்றார்கள். அதோடு பன்னிரண்டு மாதக் கிலோ கணக்கையும், குறிப்பாக ஜூன், டிசம்பர் மாதங்களை, தனித் தாளில் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.